ஏதோ பாஸ் பண்ணிட்டா

இருபத்தெட்டு வருஷம் வலங்கைமான் தாலுகாவில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதும் யாராவது ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையைத் தப்பாகப் போட்டால் கை தானாகச் சாக்பீஸைத் தேடும். அந்த வியாதி போகாது போலிருக்கிறது.

சில வார்த்தைகள் வருஷா வருஷம் பாடத்தில் எங்காவது வந்து நிற்கும். பிலிட்டில் (belittle) அதில் ஒன்று. வினைச்சொல். கரும்பலகையில் எழுதிவிட்டு, அர்த்தம் சொல்லாமல் ஒரு சின்னக் கதை சொல்வேன். ஒருத்தி ராப்பகலாக உட்கார்ந்து ஒரு கோலம் போடுகிறாள், பார்க்க வந்தவள் "இதுல என்ன இருக்கு, புள்ளி வச்சு இழுத்தா யாருக்கும் வரும்" என்கிறாள். இப்போது வந்தவள் செய்தது என்ன? பெண்கள் உடனே கை தூக்குவார்கள். "மட்டம் தட்டுறது டீச்சர்." "எளக்காரமா பேசறது." "கொறச்சுப் பேசறது."

மூன்றையும் எழுதிக்கொள்வேன். பிறகு பிரித்துக் காட்டுவேன். இளக்காரம் என்றால் உதட்டில் ஒரு சிரிப்பு வேண்டும். மட்டம் தட்டுவது என்றால், எதிரில் இருப்பவர் எழும்பிவிடக்கூடாது என்ற எண்ணம் வேண்டும். பிலிட்டிலுக்கு இந்த இரண்டும் கட்டாயமில்லை. உள்ளதைவிடக் குறைத்துச் சொன்னால் போதும், அந்த வார்த்தை வந்துவிடும். அதனால் மூன்றாவதுதான் கிட்டத்தில் வருகிறது என்பேன். ஒரு எச்சரிக்கையும் உண்டு. சின்னதைச் சின்னது என்று சொன்னால் அது உண்மை, அங்கே இந்த வினைச்சொல்லைப் போடாதீர்கள். பெரியதைச் சின்னது என்று சொன்னால்தான் போட வேண்டும். இந்த ஒரு வரியைச் சொல்லும்போது எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

அப்புறம் உதாரண வாக்கியங்கள். நண்பனைப் பிலிட்டில் செய்யாதே. அடுத்தவர் உழைப்பைப் பிலிட்டில் செய்யாதே. எல்லாம் அடுத்தவர்தான். பொறாமைக்காரர்கள், மேலதிகாரிகள், நாத்தனார்கள் எல்லோரும் என் வாக்கியங்களில் வந்து போனார்கள். என் வாயை நான் ஒரு நாளும் அந்தப் பட்டியலில் சேர்த்ததில்லை. எனக்கு யார்மேல் பொறாமை?

என் வீட்டுக்காரருக்கு நாலு ஏக்கர் சொந்த நிலம், இரண்டு ஏக்கர் குத்தகை. தை மாதம் சம்பா கதிர் முற்றி, தலை சாய்ந்து, வயலே மஞ்சளாக நிற்கும். வரப்பில் போகிறவர் சைக்கிளை நிறுத்தி, "இந்த வருஷம் நல்லா வந்திருக்கு போலருக்கே?" என்பார். இவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "எங்கங்க, ஏதோ நிக்குது. பாதி பதராப் போயிடும் போலருக்கு" என்பார். பதர் ஒன்றும் இருக்காது. கேட்டவருக்கும் அது தெரியும். அவருடைய வயலைப் பற்றி இவர் கேட்டால் அவரும் அதே மாதிரி முகத்தைச் சுருக்குவார். மாடு எவ்வளவு கறக்கிறது என்று கேட்டால், "கன்னுக்குட்டிக்கே பத்தலை" என்று பதில் வரும். சொல்கிறவருக்குப் பின்னால் வாளியில் நுரை தளும்பிக்கொண்டிருக்கும்.

எங்கள் பக்கத்தில் இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. கண் படக்கூடாது, அவ்வளவுதான். "ஆமா, அருமையா வந்திருக்கு" என்று ஒருவன் சொன்னால்தான் அவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள். கேட்கிறவர்கள் கேட்கும்போதே மனசுக்குள் கூட்டிக்கொள்வார்கள். 'பரவாயில்லை' என்றால் நன்றாக இருக்கிறது. 'சுமார்' என்றால் ரொம்ப நன்றாக இருக்கிறது. 'ஏதோ' என்று ஆரம்பித்தால் ஊரிலேயே முதல். எதிர்வீட்டு அம்மாள் தன் மகனைப் பற்றிப் பேசினால், "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பார். அந்தப் பிள்ளை துபாயில் பெரிய கம்பெனியில் இன்ஜினீயர். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல நாங்கள் அவன் சம்பளத்தை மனசுக்குள் ஏற்றிக்கொண்டே போவோம்.

எனக்கு ஒரே பெண். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள். அவளுக்கு ஐந்து வயதில் திருவாரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மண்டபத்தில் யாரோ கேட்டார்கள் என்று நாற்காலியில் ஏறி நின்று பத்தாம் வாய்ப்பாடு வரை கடகடவென்று ஒப்பித்தாள். "அடேங்கப்பா, என்னா மூளை!" என்று பந்திக்குப் போகிறவர்கள்கூட நின்று கேட்டார்கள். கன்னத்தைக் கிள்ளாத ஆள் இல்லை. நானும் வாயெல்லாம் பல்லாக நின்றேன். அடுத்த வாரமே அவளுக்குக் காய்ச்சல். டைபாய்டு. பதினெட்டு நாள் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

எங்கேயோ குடித்த தண்ணீர் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் தெரியும், தண்ணீர்தான். நான் படிக்காதவள் இல்லையே. தெரிந்து என்ன செய்ய? அந்தப் பதினெட்டு நாளும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் நினைத்தது தண்ணீரை அல்ல, நாற்காலியில் நின்ற குழந்தையைச் சுற்றி நின்ற கண்களைத்தான். எல்லாவற்றையும்விட, பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற என்னைத்தான்.

அதற்குப் பிறகு அவளைப் பற்றி வெளியே ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். பக்கத்துத் தெருவிலிருந்துகூட வந்து கேட்டார்கள். "ஏதோ பாஸ் பண்ணிட்டா. இந்த வருஷம் கேள்வித்தாள் சுலபம்" என்றேன். அவள் என் பக்கத்தில் சாக்லேட் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள் என்றுதான் எனக்கு நினைவு. பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி, எம்.எஸ்ஸி. கணிதம், பி.எட். என்று அவள் ஒவ்வொரு படியாக ஏறும்போதும் நான் கீழே நின்று, "சுமாராத்தான் படிக்கிறா, பொறுமை கம்மி" என்று ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தேன். வெளியே சொல்லாததை வீட்டுக்குள்ளேயும் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமில்லாத வாய்க்கு அது எங்கே வரும்?

அவளுக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே டீச்சர் வேலைதான். வேறு எதையும் ஆசைப்பட்டதில்லை. பி.எட். முடித்ததும் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நேர்காணலுக்குப் போனாள், கிடைக்கவில்லை. அடுத்தது கும்பகோணத்தில், அங்கேயும் இல்லை. போன வருஷம் பங்குனி மாதம் மூன்றாவதாக ஒன்று வந்தது. கும்பகோணம் சாலையில், எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் ஒரு தனியார் பள்ளி. நேர்காணலுக்குப் போய்விட்டு வந்த அன்று சாப்பிடும்போது சொன்னாள்.

"இதுவும் கெடைக்கலைன்னா விட்டுடறேம்மா. சென்னையில சித்தப்பா பொண்ணு ஆபீஸ்ல டேட்டா என்ட்ரிக்கு ஆள் எடுக்கறாங்களாம். போயிடறேன்."

"போகட்டுமே, அதுவும் வேலைதானே" என்றார் அவள் அப்பா. அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர சாப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்து அதே பள்ளியில் பேச்சுப் போட்டி. நடுவராக வரவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நேர்காணலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் என்றால் இந்த மாதிரி அழைப்புகள் வரும். போட்டி ஆரம்பிக்கும் முன் பிரின்சிபல் அறையில் டீ கொடுத்தார்கள். பிரின்சிபல் வடக்கே எங்கேயோ பிறந்து வளர்ந்தவர், இங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தமிழ் கேட்டால் புரியும், பேச ஆங்கிலம்தான். நேராகப் பேசுகிற மனுஷி. நடுவர்கள் பட்டியலில் என் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, "அந்தக் கணக்கு ஆசிரியைக்கு விண்ணப்பித்த பெண் உங்கள் மகளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நீங்கள் அனுபவமுள்ளவர். அம்மாவாக வேண்டாம், ஒரு ஆசிரியராகச் சொல்லுங்கள். அவள் எப்படி?"

பக்கத்தில் இன்னும் இரண்டு நடுவர்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். அதில் ஒருவருக்கும் வேலை தேடுகிற மகள் இருக்கிறாள் என்று சற்று முன்புதான் பேச்சு வந்திருந்தது. எனக்கு அந்தப் பழைய பயம் வந்துவிட்டது. மூளை யோசிக்கும் முன்பே வாய் திறந்து, நல்ல தெளிவான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டது. ஆவரேஜ்தான் மேடம், பொறுமை கம்மி, எப்படியோ சமாளித்துக்கொள்வாள்.

பிரின்சிபல் தலையாட்டினார். "உண்மையைச் சொன்னதற்கு நன்றி" என்றார்.

அந்த நன்றி எங்கேயோ ஒரு முள் மாதிரி குத்தியது. ஆனாலும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போட்டிக்குப் போய் மார்க் போட்டேன். தமிழில் இதைச் சொல்லும்போது ஒரு இழுப்பு இருக்கும், ஒரு கையசைப்பு இருக்கும், கேட்கிறவர்கள் கூட்டிக்கொள்ள வேண்டியது எவ்வளவு என்று அதிலேயே தெரியும். அன்று நான் ஆங்கிலத்தில் பேசினேன், மனசுக்குள் எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசிக்கொண்டு. அவருக்குப் போய்ச் சேர்ந்தது ஆங்கிலம் மட்டும். இருபத்தெட்டு வருஷம் அந்த பாஷையைச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

புதன்கிழமை மின்னஞ்சல் வந்தது. அவள் கைபேசியில் படித்தாள், கவிழ்த்து வைத்தாள். "இல்லையாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துவைத்த துணியைக் கொடியில் போடப் போனாள். ஒவ்வொரு துணியையும் இரண்டு தடவை உதறிக் காயப்போட்டாள். சாயங்காலமே சென்னைக்குப் பேசிவிட்டாள். திங்கட்கிழமை மாலை ரயிலுக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. நான் சமையலறையில் நின்றுகொண்டு, அந்த அறையில் நான் சொன்ன மூன்று வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். இதற்கு என்ன வினைச்சொல் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாள் தாங்கினேன். வெள்ளிக்கிழமை பாங்க்குக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறினேன்.

பிரின்சிபல் என்னை உட்காரச் சொன்னார். மேடையில் பேசுகிற மாதிரி ஆங்கிலத்தில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே எல்லாம் மறந்துபோயிற்று. அவள் நல்ல ஆசிரியை, அன்று நான் சொன்னது அத்தனையும் தப்பு என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். கண் படுவதைப் பற்றிச் சொன்னேன். வயலைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு நம்ப முடியவில்லை.

"பயிரைக்கூடவா அப்படிச் சொல்வீர்கள்?"

"பயிரைத்தான் மேடம் முதலில்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தார். "நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து நான் முடிவு செய்யவில்லை" என்றார். "அவ்வளவு அவசரக்காரி இல்லை நான். நேர்காணலில் கடைசிக் கேள்வியாக உங்கள் மகளிடம், உனக்கு எது நன்றாக வரும் என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பேன். அவள் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை மேடம், ஆவரேஜ்தான், பொறுமை கொஞ்சம் கம்மி. ஒரு வாரம் கழித்து நீங்களும் அதையே சொன்னீர்கள். அம்மாவும் பெண்ணும் தனித்தனியாக ஒன்றைச் சொன்னால் நான் நம்பாமல் என்ன செய்வது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "அவளும் மரியாதைக்குத்தான் மேடம் அப்படிச் சொல்லியிருப்பாள். எங்கள் ஊர்ப் பெண் இல்லையா" என்றேன்.

அவர் அந்தக் காகிதத்தை மறுபடியும் ஒரு தடவை படித்துவிட்டு இழுப்பறையில் வைத்தார். "அந்த இடத்துக்கு இன்னும் யாரையும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புக்கு ஒரு பாடம் எடுக்கட்டும், நான் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறேன். அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்பேன். இந்தத் தடவை மரியாதை வேண்டாம் என்று சொல்லுங்கள்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பச்சையாகக் கிடந்தது. எனக்கு மனசு லேசாகிவிட்டது. பாரேன், இவளும் என்னைப்போலவே கண்ணுக்குப் பயந்து பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அதில் ஒரு பெருமைகூட இருந்தது. விஷயத்தை எடுத்துச் சொன்னால் சிரித்துவிட்டுத் திங்கட்கிழமை போய்ச் சரியாகப் பதில் சொல்லிவிடுவாள், ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"நீ நல்லா சொல்லிக்கொடுப்பே. டீச்சர் வேலைக்குன்னே பொறந்தவ நீ."

அவள் மடித்துக்கொண்டிருந்த சுடிதாரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"என்னம்மா ஆச்சு? வெயில்ல வந்தியா? காலையில பி.பி. மாத்திரை போட்டியா, இல்லியா?"

போட்டேன் என்றேன். உட்கார வைத்தாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டீ குடித்துக்கொண்டே பிரின்சிபலிடம் நான் சொன்னதை, அது ஆங்கிலத்தில் போய் விழுந்த விதத்தை, இன்று நான் பாங்க்குக்குப் போகாததை. அவள் கத்துவாள், கத்தினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தயாராக இருந்தேன். சொல்லி முடிக்கும்போது நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

"இதுக்கு ஏம்மா அழுவறே?" என்றாள். "இருக்கறதத்தானே சொல்லியிருக்கே."

"என்னது?"

"ஆவரேஜ்தானே நான். பொறுமையும் கம்மிதான். அவங்க கேட்டாங்க, நீ சொன்னே. பொய்யா சொல்ல முடியும்?"

அவள் குரலில் கோபம் இல்லை. என்னைக் குத்திக்காட்டவும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இன்டர்வியூல நீ அப்படிச் சொன்னது மரியாதைக்குத்தானே?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எதுக்கு மரியாதை? உண்மையைச் சொல்லணும்ல. நல்லா வரும்னு ஏதாவது சொல்லி, அப்புறம் வந்து பாத்து அவங்க ஏமாந்துட்டா?"

"கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவடி நீ!"

"அந்த வருஷம் கேள்வித்தாள் சுலபம்மா" என்றாள். "நீதானே எல்லார்கிட்டயும் சொன்னே."

தெருவே கூட்டிக்கொண்டது. எதிர்வீட்டு அம்மாள் கூட்டிக்கொண்டார், சாக்லேட் எடுத்துக்கொண்டு போனவர்கள் அத்தனை பேரும் கூட்டிக்கொண்டார்கள். என் பக்கத்தில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு மட்டும் இப்படிக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. ஐந்து வயதிலிருந்து இருபத்தேழு வயது வரை என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். யாரோ முகம் தெரியாதவர்களின் கண்ணுக்குப் பயந்து நான் பேசிய பேச்சு முழுவதும் இவள் காதில்தான் விழுந்திருக்கிறது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் மறுபடியும் துணி மடிக்கப் போனாள். நான் பையைப் பிடித்து இழுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

"இங்க உக்காரு. போன வருஷம் அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு டியூஷன் எடுத்தியே."

"ஆமா, எட்டாவது. ஃபெயில் ஆயிட்டாங்களா?"

"அதைக் கேக்கல. மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ஏன் பிளஸ் வருதுன்னு அந்தச் சின்னப் பொண்ணு கேட்டுச்சு. நீ விதின்னு சொல்லல. வாய்க்கால் மதகுல தண்ணி அளவு பாக்கறதுக்குக் கோடு போட்டிருக்குமே, அதைச் சொன்னே. தெனம் ரெண்டு அங்குலம் எறங்குது, அது மைனஸ் ரெண்டு. மூணு நாளைக்கு முன்னாடின்னா மைனஸ் மூணு. மூணு நாளைக்கு முன்னாடி தண்ணி இன்னைக்கு இருக்கறதவிட எவ்வளவு இருந்திருக்கும்னு கேட்டே. அந்தப் பொண்ணு கொஞ்சம் யோசிச்சுட்டு, ஆறு அங்குலம் கூட இருந்திருக்கும்க்கான்னு சொல்லிச்சு. அதான் பிளஸ் ஆறுன்னே."

அவள் என்னைப் பார்த்தபடி இருந்தாள்.

"பள்ளிக்கூடத்துல படிச்சதுலேருந்து எனக்கு அது புரிஞ்சதில்ல" என்றேன். "அறுபது வயசுக்கு மேல, அடுப்படியில நின்னு நீ சொல்றதைக் கேட்டுத்தான் புரிஞ்சுது. அந்தப் பொண்ணு நாலு தடவை தப்பாச் சொல்லிச்சு. நாலு தடவையும் நீ மொதல்லேருந்து ஆரம்பிச்சே. பொறுமை இல்லைன்னு உன்னை எவ சொன்னா? நான் உலையில அரிசி போட மறந்து நின்னேன்."

"நீ கேட்டுக்கிட்டா இருந்தே?"

"ஆமா."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே நீ." கொஞ்சம் நிறுத்தினாள். "இல்ல, சொன்னே. வெளிய வந்து, கத்தாம சொல்லிக்கொடு, தெருவே பாக்குதுன்னே."

சொன்னேன்தான். வாசலில் எதிர்வீட்டு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்துவிடப் போகிறதே என்ற பயத்தில் சொன்னேன். அதை இவளிடம் விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தப்பும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் அந்தச் சுடிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு நாலு தடவையா தப்பாச் சொல்லிச்சு? எனக்கு ரெண்டு தடவைன்னுதான் ஞாபகம்" என்றாள். நாலு, நான் எண்ணினேன் என்றேன்.

திங்கட்கிழமை காலையில் பச்சைப் பருத்திப் புடவை கட்டிக்கொண்டு போனாள். டிக்கெட்டை ரத்து செய்யச் சம்மதிக்கவில்லை. கிடைக்காவிட்டால் சாயங்காலம் ரயில் இருக்கிறது என்று பையைக் கட்டிக் கூடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். நான் அந்தப் பையைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வயலுக்குப் போகாமல் பேப்பரை ஒரே பக்கத்தில் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டரை மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள், சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை நின்ற வாக்கிலேயே குடித்தாள்.

"பாடம் எடுத்தியா?"

"எடுத்தேன்."

"அந்தக் கேள்வி கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"மைனஸ் நல்லா சொல்லிக்கொடுப்பேன், பொறுமையா சொல்லிக்கொடுப்பேன்னு எங்கம்மா சொல்றாங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு அவங்க?"

"சிரிச்சாங்க. ஜூன்லேருந்து வரச் சொல்லிட்டாங்க."

அவள் அப்பா பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார். அவள் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. ரயில் டிக்கெட்டை ரத்து செய்யக் கைபேசியை எடுத்தாள். நான் பையைத் திறந்து அவள் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் அலமாரியில் அடுக்கினேன். பாதித் துணியை அடுக்கியபோதுதான் அவள் சொன்ன வாக்கியம் எனக்குள் முழுசாக இறங்கியது. எங்கம்மா சொல்றாங்க. பங்குனி மாதம் முதல் தடவை அந்த அறையில் உட்கார்ந்து, பெரிதாக ஒன்றும் இல்லை மேடம் என்று அவள் சொன்னபோதும், அம்மா சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறாள்.